வலிக்காத கால்

அப்பு,

மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உன் அப்பாவை ஆபரேஷன் முடித்து வார்டுக்குக் கொண்டுவந்து போர்வை போர்த்தியிருந்தார்கள். போர்வை ஒரு பக்கம் பாதம் வரைக்கும் மேடாக இருந்தது, இன்னொரு பக்கம் முழங்காலோடு இறங்கித் தட்டையாகிவிட்டது. நீ பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்து, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் பார்த்துவிட்டு வெளியே வந்தாய். "ஒரு மருவுக்காம்மா காலை எடுத்தாங்க?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. உன் பெரியப்பா பக்கத்தில் நின்றார். அவருடைய பாதயாத்திரைக் குழுவில் பாதிப் பேர் திருநீறும் பையுமாக அங்கேதான் நின்றார்கள். அந்த இடத்தில் வாயைத் திறந்தால் அது சண்டையாகத்தான் முடியும் என்று தெரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று வைத்தேன். நீ மறுபடி கேட்கவில்லை. அப்பாவும் அந்த ஒற்றைக் காலோடு கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போய்விட்டார். வகுப்பில் கேட்ட எந்தக் கேள்வியையும் நான் மறுநாளுக்குத் தள்ளியதில்லை. இது ஒன்றுதான் இவ்வளவு காலம் தள்ளிப்போனது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். போன வாரம் குடும்பக் குரூப்பில் உன் இடது பாதத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தாய். "பெரியப்பா, மாலை போட்டுட்டேன். இந்த வருசம் அப்பாவுக்காக நடக்கலாம்னு இருக்கேன். இது ஆணிதானே? நடக்கலாமா?" என்று கேட்டிருந்தாய். அவர் குரல் பதிவாகப் பதில் அனுப்பினார். நானும் அந்தக் குரூப்பில் இருக்கிறேன் என்பது இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது போல. "ஆணிதான்டா அப்பு. பிளேடு வச்சு லேசா சீவி விட்டுரு, நடக்க நடக்கச் சரியாயிரும். ஒங்கப்பன் நடக்கலையா?" அதற்குக் கீழே வரிசையாக வேல் படங்கள், கும்பிடும் கைகள். உன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் அந்தக் குரூப்பில் வாய் திறக்கவில்லை. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரப்பர் செருப்பின் அடியில் கல் ஏறினாற்போல, முன்பாதத்தில் ஒரு வட்டம். நடுவில் கரும்புள்ளிகள். அப்பு, உன் அப்பாவின் பாதத்தை எத்தனையோ முறை மடியில் வைத்திருக்கிறேன். எனக்கு அடையாளம் தெரியாதா?

போனில் சொல்லிப் பார்த்தேன். "சரிம்மா, சரிம்மா" என்றாய். நீ ஐந்தாம் வகுப்பில் என்னிடமே படித்தவன். உன்னுடைய எந்த "சரி"யில் அர்த்தம் இருக்கும், எதில் இருக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுதியதை நடுவில் துண்டிக்க முடியாது.

முதலில் உன் கேள்விக்குப் பதில். மருவுக்காக யாரும் காலை எடுப்பதில்லை. உலகத்தில் மரு வந்து கால் போனவர் என்று யாரும் கிடையாது. அது அவ்வளவு சாது. அதற்கு நம் வீட்டில் நாம் செய்ததெல்லாம் இருக்கிறதே, அதற்காகத்தான் எடுத்தார்கள்.

அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். அப்பாவுக்கு வத்தலக்குண்டு ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை. பாதி நாள் கடையில், பாதி நாள் கிணற்றில். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைக்காரர்களுக்கு மோட்டார் நின்றுவிட்டால் பூ வாடுகிற அவசரத்தில் ஆள் அனுப்புவார்கள். இவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றிலும் தொட்டித் தண்ணீரிலும் நின்று வேலை பார்ப்பார். குதிகால் எப்போதும் வெடித்திருக்கும். மரு என்பது ஒரு வைரஸ், அப்பு. தேரையைத் தொட்டால் வருவதும் இல்லை, பாவத்தால் வருவதும் இல்லை. மரு உள்ள ஒருவர் ஈரத் தரையில் நடந்துவிட்டுப் போவார். பின்னால் நடப்பவர் பாதத்தில் ஒரு வெடிப்போ கீறலோ இருந்தால், ஊறிப்போன தோல் வழியாக அது உள்ளே போய்விடும். உடனே தெரியாது. மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு அப்புறம்தான் தலை காட்டும். அதனால் எங்கே வாங்கினோம் என்று யாருக்கும் தெரிவதில்லை. அப்பா வருடா வருடம் மாலை போடும்போது குழுவோடு மடத்தில்தான் குளிப்பார். ஒரே சிமெண்டுத் தரை, ஒரே தேய்ப்புக் கல், வெறுங்கால்கள். அங்கேதான் வாங்கியிருப்பார் என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது.

அவர் அதை முதலில் முள் என்றார். நடுவில் கருப்பாகத் தெரிந்ததால் கருவேல முள் முறிந்து உள்ளே கிடக்கிறது என்று ஊக்கை எடுத்துக் குத்தினார். ரத்தம் வந்ததே தவிர முள் வரவில்லை. அப்புறம் ஆணி என்றார். "இம்புட்டு மோட்டாரப் பிரிச்சு மாட்டுறேன், ஒரு ஆணியப் புடுங்க மாட்டேனா?" என்று கடையிலிருந்த கொறடு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பிடுங்கி வைத்தேன். "ஒனக்கு எல்லாத்துக்கும் பயம் டீச்சர்" என்று சிரித்தார். வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பிரியமாகக் கூப்பிட்டாரா, கேலியாகக் கூப்பிட்டாரா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இழுக்காத குறையாக அவரைத் திண்டுக்கல்லில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயது டாக்டரம்மா. பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பாடம் நடத்துகிற மாதிரியே சொல்லிக் கொடுத்தார். அதை உனக்குச் சொல்கிறேன், நீயே உன் காலில் பார்த்துக்கொள்ளலாம். பாதத்தின் தோலில் கைரேகை மாதிரி கோடுகள் ஓடும். வயலில் உழுத சால் மாதிரி. ஆணி என்பது அந்த வயலில் ஆள் நடந்து நடந்து இறுகிப்போன தடம். கவனமாகப் பார்த்தால் சால் அதன் மேலேயும் தெரியும். மரு என்பது வயல் நடுவில் கிடக்கும் பாறை. சால் அதன் மேல் போகாது, அதைச் சுற்றி வளைந்து போகும். ஆணியை மேலிருந்து நேராக அழுத்தினால் வலி உயிர் போகும். மருவை இரண்டு பக்கமும் விரல் வைத்துக் கிள்ளினாற்போல் அழுத்தினால்தான் அதிகம் வலிக்கும். அந்தக் கரும்புள்ளிகள் முள்ளும் இல்லை, வேரும் இல்லை. மரு தனக்குச் சாப்பாடு கொண்டுவர இழுத்துக்கொண்ட நுண்ணிய ரத்தக்குழாய்கள், உள்ளே ரத்தம் உறைந்து கறுத்திருப்பவை. ஊக்கால் குத்தியபோது ரத்தம் வந்ததற்குக் காரணம் அதுதான். குத்தக் குத்தப் பக்கத்துத் தோலுக்கும் பரவும், குத்திய விரலுக்கும் பரவும். இப்போது உன் படத்தை எடுத்துப் பார். சால் வளைகிறதா இல்லையா?

எல்லாக் கரும்புள்ளியும் மரு என்று நினைத்துவிடாதே, அதையும் அந்த டாக்டர் சொன்னார். கருப்பாகவே பரவினாலோ, வேகமாகப் பெரிதானாலோ, தானாக ரத்தம் கசிந்து ஆறாமல் இருந்தாலோ, நிறம் மாறினாலோ அது வேறு ஏதாவதாக இருக்கலாம். அதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது.

அப்புறம் டாக்டர் ஒரு காரியம் செய்தார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "கண்ணை மூடிக்கோங்க ஐயா. நான் உங்க கால் விரலைத் தொடுவேன். தொட்டது தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். அப்பா பெஞ்சில் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் தன் ஆள்காட்டி விரல் நுனியால் பெருவிரலைத் தொட்டார். அப்பா பேசாமல் இருந்தார். சுண்டு விரலைத் தொட்டார். நடு விரலைத் தொட்டார். அடுத்த காலுக்குப் போனார். எல்லாம் முடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அப்பா கண்ணை மூடியபடியே, "எப்பம்மா ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை எங்கேயோ நின்றது. எத்தனை வருடமாக இருந்ததோ. மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொன்னார்கள் என்று அப்பா மருவைக் கரைக்கும் அமில மருந்து ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இது நல்ல மருந்துதான். ஆனா உங்களுக்கு வேணாம். சுகர் இருக்கவங்க, கால் மரத்துப்போனவங்க வீட்ல இதைத் தொடக் கூடாது. புண்ணாகுறது உங்களுக்குத் தெரியாது. வாரா வாரம் வாங்க, நானே பார்த்துச் செய்றேன். பிளேடு வேணாம். வெறுங்கால் வேணாம், வீட்டுக்குள்ளகூட" என்றார். கடைசியில் சொன்னது மூன்றே வாக்கியம். என் வகுப்பில் மந்தமான பிள்ளைகூட மனப்பாடம் செய்துவிடும். "வாரா வாரம் போய் உக்கார நான் என்ன ஒன்ன மாதிரி லீவு உள்ள உத்தியோகமா?" என்றார் உன் அப்பா. கொஞ்ச நாள் போனார். அப்புறம் மார்கழி வந்துவிட்டது.

மாலை போட்டால் செருப்பு கிடையாது என்பது குழுவின் கட்டுப்பாடு. மாலை போட்டவன் ஆஸ்பத்திரிப் படி ஏறக் கூடாது என்பது உன் பெரியப்பாவின் கட்டுப்பாடு. அவர்தான் குருசாமி. நான் நேரில் போய்ச் சொன்னேன். டாக்டர் சொன்ன மூன்று வாக்கியத்தையும் சொன்னேன். "டீச்சரம்மா, நீ பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடு. இது வேற பள்ளிக்கூடம்" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு ஆறவில்லை, அப்பு. மற்றவர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மடத்தில் பூஜை. பெண்கள் சமையல் பக்கம் இருந்தோம். அப்பாவின் பாதத்தைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா அவரை உட்கார வைத்து, காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். சவரப் பிளேடால் அந்த வட்டத்தைச் சீவினார். தேங்காய்ப் பத்தை மாதிரி சீவல் சீவலாக வந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சுண்ணாம்பையும் துணி துவைக்கிற சோடாவையும் குழைத்து அந்தக் குழியில் வைத்தார். நான் கரண்டியோடு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "வலிக்கிதாடா?" என்று கேட்டார் பெரியப்பா. "கொஞ்சம்கூட வலிக்கலண்ணே" என்றார் அப்பா. அவ்வளவுதான், மடம் முழுக்க அரோகரா. முருகன் வலியை வாங்கிக்கொண்டான் என்றார்கள். பச்சைச் சதையில் சுண்ணாம்பு எரிகிறது, ஒரு மனிதன் புன்னகையோடு உட்கார்ந்திருக்கிறான், அதைப் பார்த்து ஒருவருக்கும் பயம் வரவில்லை. எனக்கு மட்டும் "எப்பம்மா ஆரம்பிக்கப் போறீங்க" என்ற குரல் காதில் கேட்டது. அந்தக் காலில் வலி என்று ஒன்று இருந்திருந்தால் அவர் எழுந்து பெரியப்பாவை உதைத்திருப்பார். உதைத்திருந்தால் இன்றைக்கு இரண்டு காலோடு இந்த வீட்டில் உட்கார்ந்து எனக்குக் காபி ஆறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

நடந்தார். வெறுங்காலோடு, தார் ரோட்டில், பழனி வரைக்கும். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் அவர் மிதித்த இடமெல்லாம் சிவப்பாகப் பதிந்ததாம். ரோட்டோரம் மோர்ப்பந்தல் வைத்திருந்த ஒரு அம்மா, "என்னங்க சாமி, ரத்தமுங்க!" என்று பதறி உட்காரச் சொல்லியிருக்கிறார். கூட வந்தவர்கள், "அவருக்கு வலிக்காதும்மா, அவரு அருள்ல இருக்காரு" என்று சொல்லிக் கூட்டிப்போய்விட்டார்கள். அந்த ரத்தத் தடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. இதையெல்லாம் பெருமையாக எனக்கு வந்து சொன்னார்கள். திரும்பி வந்தவர் கையில் பஞ்சாமிர்த டப்பா, முகத்தில் அவ்வளவு சிரிப்பு. அடுத்த வாரம் குளிர் காய்ச்சல். பாதம் வீங்கிப் பளபளத்தது, நாற்றம் வந்தது, விரல் கறுத்தது. அப்போதும் வலிக்கவில்லை என்றுதான் சொன்னார். மதுரைக்குக் கொண்டுபோனதும் நீ பெங்களூரிலிருந்து வந்ததும் உனக்குத் தெரியும்.

அதன் பிறகு அவர் கட்டிலில் கிடந்தபோது எனக்கும் வலது குதிகாலில் ஒன்று முளைத்தது. நம் வீட்டுக் குளியலறையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தேய்ப்புக் கல்லைத்தான் பயன்படுத்தினோம். கோடுகள் வளைவதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதே டாக்டரிடம் போனேன். எனக்குச் சர்க்கரை இல்லை, கால் மரத்துப்போகவும் இல்லை. "சும்மா விட்டாலும் போயிரும் டீச்சர், சில சமயம் ஒரு வருசம், ரெண்டு வருசம் ஆகும். சின்னப் பிள்ளைங்களுக்குச் சீக்கிரம் போயிரும்" என்றார். கடைசி பெஞ்சில் பெயர்ப் பட்டியலில் இல்லாத ஒரு பையன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஆசிரியர் பல நாள் கவனிக்க மாட்டார், ஒருநாள் திடீரென்று பார்த்து "நீ யாருடா?" என்று வெளியே அனுப்புவார். உடம்பும் மருவை அப்படித்தான் கண்டுபிடிக்கிறது. கோயிலில் உப்பும் மிளகும் கொட்டினால் மரு உதிரும் என்று நம் ஊரில் நம்புவதற்குக் காரணம் இதுதான். கொட்டினாலும் உதிரும், கொட்டாவிட்டாலும் உதிரும். உப்பு கொட்டுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. பிளேடு அப்படி இல்லை.

எனக்குக் காத்திருக்க மனமில்லை. கட்டிலில் கிடந்தவருக்கும் மேலும் தொற்றக் கூடாது. அப்பா வாங்கி வைத்த பாட்டில் பிரிக்காமல் பீரோவில் இருந்தது. தேதி பார்த்து, டாக்டரிடம் காட்டிவிட்டு, அதையே எடுத்தேன். தினமும் சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் குதிகாலை ஊறப்போடுவேன். துடைத்துவிட்டு, வெளுத்து மெத்தென்று ஆன செத்த தோலை மட்டும் நகம் தேய்க்கும் அரத்தால் மெதுவாகத் தேய்ப்பேன். ரத்தம் வருகிற அளவுக்குப் போவதே இல்லை. அந்த அரத்தை வேறு எதற்கும் தொடுவதில்லை, கடைசியில் தூக்கிப் போட்டுவிட்டேன். சுற்றியுள்ள நல்ல தோலில் வாஸ்லின் தடவி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு மருந்து வைத்து, காய்ந்ததும் மேலே பிளாஸ்டர். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். எரிந்தால் இரண்டு நாள் நிறுத்துவேன். சித்திரையில் ஆரம்பித்தேன், ஆடியில்தான் போனது. நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரித்தான் இருந்தது. உன் அப்பா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள், "என்ன டீச்சர், செவுத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி தெனமும் அடிக்கிற. போகுதா?" என்று கேட்டார். காலைத் தூக்கிக் காட்டினேன். பாறை இருந்த இடத்தில் சால் நேராக ஓடத் தொடங்கியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரே மரு, ஒரே வீடு, ஒரே பாட்டில். இதற்கு மேல் உன் கேள்விக்கு நான் என்ன விளக்கம் சொல்ல?

இதைப் படித்துவிட்டு நான் செய்ததை நீ செய்யாதே. போன தீபாவளிக்கு வந்தபோது உனக்கும் சர்க்கரை இருக்கிறது என்று மருமகள்தான் என்னிடம் சொன்னாள், நீ சொல்லவில்லை. அதனால் அந்த மருந்து உனக்கு இல்லை. ஊக்கு, பிளேடு, சுண்ணாம்பு, எருக்கம்பால், செல்போனில் யாரோ காட்டுகிற வைத்தியம் எதுவும் இல்லை. நீ போக வேண்டியது டாக்டரிடம். கரைப்பதா, குளிர வைத்து உறைய விடுவதா, விட்டுப் பிடிப்பதா என்பதை அவர் உன் காலின் நிலையைப் பார்த்துச் சொல்வார். மாலை போட்டவன் போகக் கூடாது என்றால் மாலையைக் கழற்றி முருகன் படத்தில் போட்டுவிட்டுப் போ. அவர் கோபிக்க மாட்டார். எனக்கு முருகன் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. அவர் யாரிடமும் பிளேடு எடுத்துவா என்று கேட்கவில்லை. பார்க்க வேண்டும் என்றால் ஷூ போட்டுக்கொண்டு திண்டுக்கல்லில் பஸ் ஏறு, உட்கார்ந்துகொண்டு போ, பார்த்துவிட்டு வா. நானும் கூட வருகிறேன்.

உன் வீட்டில் பேத்தி இருக்கிறாள். அதனால் குளியலறையில் நீ தனிச் செருப்பு போட்டுக்கொள், மருவின் மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொள். உன் துண்டு, உன் சாக்ஸ், உன் தேய்ப்புக் கல் எதையும் அவள் தொட வேண்டாம். அடுக்குமாடி நீச்சல் குளத்துக்கு அவளை அனுப்பும்போது ரப்பர் செருப்போடு அனுப்பு. வந்ததும் விரல் இடுக்கு வரை துடைத்துவிடு. ஈரச் சாக்ஸோடு திரிய விடாதே. அப்படியும் வந்தால் பயப்பட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம், அவள் காலைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம். அது சாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

நேற்று உன் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். "என்ன டீச்சரம்மா, அதிசயமா இருக்கு?" என்றார்.

"அவன் கால்ல பிளேடு வைக்கச் சொன்னீங்களா மாமா?"

"ஆணியச் சீவாம பின்ன என்னாத்தா செய்ய? சந்தனம் பூசி வைக்கவா?"

"அது ஆணி இல்ல. அவனுக்குச் சுகரும் இருக்கு."

"சுகர் இப்ப யாருக்கு இல்ல? எனக்குந்தான் இருக்கு. நான் வருசா வருசம் நடக்கல?"

"உங்க தம்பியும் இப்படித்தான் சொன்னாரு."

வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு வேறு யாரோ பேசுவது போல ஒரு குரல் வந்தது. "ஏத்தா, அவன் வலிக்கலன்னு சொன்னான். அம்புட்டுப் பேரு முன்னால சொன்னான். வலிக்குதுண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் கைய வச்சிருப்பனா? என் தம்பித்தா அவன்." அதைச் சொல்லிவிட்டு வைத்தார். சாயங்காலம் குரூப்பில் வழக்கம்போல ஒரு வேல் படம் வந்தது. இந்த வருடப் பேனரும் வந்தது. அதில் உன் அப்பா படம். கீழே "தன் காலையே காணிக்கையாகத் தந்தவர்" என்று போட்டிருக்கிறார்கள். நீ அதற்கு ஒரு கும்பிடு போட்டிருந்தாய். அப்பு, அவர் தரவில்லை. அவருக்குத் தெரியாமலேயே போனது. வலிக்காததால் ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியப்பா பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கசப்பானது. பொய்யென்றால் ஒரேயடியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

உன் படத்துக்குக் கீழே நீயும் ஒரு வரி எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் நான் தாளைத் தேடினேன். "பாக்கத்தான் இப்படி இருக்கு பெரியப்பா, வலியெல்லாம் இல்ல" என்று எழுதியிருந்தாய்.

நாளைக் காலையில் குளித்து, காலைத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டு. கண்ணை மூடிக்கொள். மருமகளை உன் கால் விரல்களை ஒவ்வொன்றாக, அழுத்தாமல், ஆள்காட்டி விரல் நுனியால் தொடச் சொல். எந்த விரல், எந்தக் கால் என்று அவள் வாய் திறந்து சொல்லக் கூடாது. தொட்டது தெரியும்போதெல்லாம் நீ "ம்" சொல். அவள் முடித்துவிட்டேன் என்று சொல்கிற வரைக்கும் கண்ணைத் திறக்காதே.